முதல் பாதி என்னுடையது

எங்கள் ஊர் ஃபுட்பால் கிளப்புக்கு நான் மூன்று முறை கோச்சாக இருந்திருக்கிறேன். மூன்று முறையும் தற்காலிகம். முதல் தடவை, இருந்தவருக்குத் துபாயில் வேலை கிடைத்தது. அடுத்தவர் வரும்வரை பார்த்துக்கொண்டேன். இரண்டாம் தடவை, இருந்தவர் ஓ.எம்.ஆரில் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரிக்கும்வரை பார்த்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்கிறவரிடம் "பையைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போவோமே, அந்தப் பார்த்துக்கொள்வதுதான். பையைத் திறக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. உரியவர் வந்ததும் கொடுத்துவிட்டு நம் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும்.

கறிவேப்பிலை என்று என்னை யாராவது சொன்னால் அதைக்கூட மரியாதையாக எடுத்துக்கொள்வேன். கறிவேப்பிலையாவது குழம்பில் இறங்குகிறது.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். திருப்போரூருக்குக் கிழக்கே இருக்கும் ஊர்களில் பிள்ளைகளை ஏற்றிக் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. அதற்கு முன்பு பதினோரு வருஷம் அதே கிளப்பில் லெஃப்ட் பேக். எங்கள் மைதானம் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, ஈ.சி.ஆரை ஒட்டிய சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கிறது. பாதி மணல், பாதி செம்மண். ஆட்டக்காரர்களும் அப்படித்தான்: பாதிப் பேர் குப்பத்துக்காரர்கள், கடலுக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் என்னைப் போலக் கடலை விட்டுத் தள்ளி இருக்கிற ஊர்க்காரர்கள், அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இன்று பிளாட் கல் நட்டிருக்கிறவர்கள்.

எனக்கு அந்தக் கோச் வேலை வேண்டும் என்று இருந்தது. இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. செங்கல்பட்டில் நடந்த பயிற்சி முகாமுக்கு வேனை மச்சான் கையில் கொடுத்துவிட்டுப் போய், சான்றிதழும் வாங்கி வந்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். கமிட்டியில் யாரும் அதைக் கேட்கவில்லை. நானாகவே ஒருமுறை எடுத்துப்போய்க் காட்டினேன். செயலாளர் அதைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, "நல்லா கீது நைனா, பத்திரமா வை" என்று திருப்பிக் கொடுத்தார்.

இந்தச் செயலாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நான் ஆட வந்த காலத்தில் எங்கள் சென்டர் ஃபார்வர்ட். நல்ல மனுஷர், அதுதான் தொல்லை. யார் முகத்தைப் பார்த்தும் 'இல்லை' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஒருமுறை ஊர்த் திருவிழாவில் சாமியை யார் தோளில் தூக்குவது என்று இரண்டு தெருவுக்குள் சண்டை. போலீஸ் வரும் அளவுக்குப் போனது. இவர்தான் நடுவில் புகுந்து, கோயிலிலிருந்து குளத்து முனை வரை இவர்கள், குளத்து முனையிலிருந்து கோயில் வரை அவர்கள் என்று தீர்த்துவைத்தார். சண்டை நின்றது. அந்தப் பெருமையில் அன்றிலிருந்து எல்லாவற்றையும் பாதியாக வெட்ட ஆரம்பித்தார். கிளப் ஷெட்டுக்கு நீலம் அடிப்பதா பச்சை அடிப்பதா என்று வாக்குவாதம் வந்தபோது ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பச்சை அடிக்கவைத்தார். எங்கள் ஜெர்சி நீலம், நிக்கர் பச்சை. வெளியூர் ஆட்களுக்கு எங்களைப் பார்த்தாலே சிரிப்பு.

மூன்றாம் முறை என்னைக் கூப்பிட்டது, இருந்த கோச் கமிட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு பாதியில் போன பிறகு. மாவட்ட லீக்கில் ஐந்து மேட்ச் பாக்கி. நாங்கள் கடைசி. கடைசியில் முடிக்கிற அணி கீழ்ப் பிரிவுக்குப் போகும். இந்தப் பிரிவுக்கு ஏறி வருவதற்கு எங்களுக்கு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அதில் நான் ஆடிய வருஷங்களும் உண்டு.

"புது கோச் தேடிகினு கீறோம் நைனா. அதுவரிக்கும் நீ பாத்துக்க. எதையும் மாத்தாத, அப்புடியே ஓட்டு."

"கடைசில கீறோம் அண்ணாத்த. அப்புடியே ஓட்டுனா கீழத்தான் போவோம்."

"அதுக்குத்தான் உன்னக் கூப்புட்டேன்."

இந்த மனுஷரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். இந்த ஐந்து மேட்சில் டீமைக் காப்பாற்றிவிட்டால், அதற்கப்புறம் வேறு ஆளைத் தேட அவர்களுக்கு எப்படி மனசு வரும்?

தற்காலிகக் கோச் சொல்வதை ஆட்டக்காரர்கள் கேட்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கேட்பார்கள், செய்ய மாட்டார்கள். வெளியூரிலிருந்து வருகிற கோச் 'சார்'. நான் 'அண்ணாத்த'. சார் பத்து ரவுண்டு என்றால் ஓடுவார்கள். நான் சொன்னால், "இன்னா அண்ணாத்த, புது சாரு வந்து வேற மாதிரி சொல்வாரு, அப்ப அதையும் ஓடணும், இதையும் ஓடணுமா?" என்று நியாயம் பேசுவார்கள். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு நானே அவர்களோடு ஓடினேன். நாலாவது ரவுண்டில் மூச்சு வாங்கி நின்றபோது அவர்கள் சிரித்துக்கொண்டே மிச்ச ஆறையும் ஓடி முடித்தார்கள். அவமானம்தான், ஆனாலும் ஓடினார்களே.

பிறகு, மாற்றாதே என்று சொன்னதை மாற்றினேன். எங்கள் கிளப்பில் பிராக்டீஸ் விடிகாலை ஐந்தரைக்கு. எந்தக் காலத்திலோ எந்தக் கோச்சோ வைத்த நேரம். குப்பத்து ஆட்கள் மூன்று, மூன்றரைக்கே ஃபைபர் போட்டைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கரைக்கு வர எட்டு, ஒன்பது ஆகும். அதனால் அவர்கள் பிராக்டீசுக்கு வருவதில்லை. வராதவனை மேட்சில் இறக்க மாட்டேன் என்று கோச் சொல்வார். எங்களுடைய நல்ல ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் வெளியே உட்கார்ந்திருக்க, நாங்கள் வருஷக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தோம். எவருக்கும் இது கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் சொல்ல முடியாது, நேரம் என்றால் நேரம். நான் பிராக்டீஸைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றினேன். அது என் வேன் நேரம். மச்சான் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, சாயங்கால நடையை அவன் தலையில் கட்டினேன். அதை அவன் இன்றைக்கும் குத்திக் காட்டுகிறான்.

இப்படித்தான் எங்களுக்கு ஸ்டாப்பர் கிடைத்தான். நடுவில் நின்று தடுக்கிற ஆளை எங்கள் பக்கம் ஸ்டாப்பர் என்போம். இவன் குப்பத்துக்காரன், இருபத்தாறு இருபத்தேழு வயது, நல்ல உயரம். எங்கள் பெனால்டி பாக்ஸுக்குள் உயரமாக வருகிற பந்து எதுவும் அவன் தலையைத் தாண்டாது. அவனிடம் ஒரு விசித்திரம் உண்டு. ஹாஃப் டைமில் எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டு பேசுவார்கள். இவன் மட்டும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு நிழலில் நீட்டிப் படுத்துவிடுவான். முதல்முறை பார்த்தபோது எனக்கே பயம்தான், கையைத் தொட்டுப் பார்த்தேன்.

"இன்னாடா, முடியலியா?"

"மூணு மணிக்கு எழுந்தவன் அண்ணாத்த. பத்து நிமிசம் கண்ண மூடினா போதும். அப்பாலிக்கா பாரு."

பார்த்தேன். இரண்டாம் பாதியில்தான் அவன் ஆட்டமே. மற்றவர்கள் தளர்ந்துபோகிற நேரத்தில் இவன் அப்போதுதான் வந்திறங்கியவன்போல் ஆடுவான். அதன்பிறகு அவன் படுத்தால் நான் யாரையும் பக்கத்தில் போக விடுவதில்லை.

நாலு மேட்சில் இரண்டு ஜெயித்தோம், ஒன்று டிரா, ஒன்று தோல்வி. கடைசி மேட்ச் புதுப்பட்டினத்து அணியோடு. டிரா ஆனால் போதும், தப்பித்துவிடுவோம். பிராக்டீசுக்கு இருபத்திரண்டு பேர் வர ஆரம்பித்திருந்தார்கள். என் நடையே மாறிவிட்டது என்று வீட்டில் கேலி செய்தாள் மனைவி. மாறியிருக்கும். நான் சந்தோஷமாக இருந்தேன்.

கடைசி மேட்சுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஈ.சி.ஆர் திருப்பத்தில் வேனை ஒடித்தபோது புது ஃபிளெக்ஸ் ஒன்றைப் பார்த்தேன். எங்கள் கிளப்பின் பெயர். நடுவில் டிராக் சூட் போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கீழே 'புதிய பயிற்சியாளர் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்' என்று எழுதி, கமிட்டி ஆட்கள் அத்தனை பேர் முகமும். கிளப்புக்கு வாட்டர் கேன் போடுகிறவர் முகம்கூட இருந்தது. வேனை ஓரம் கட்டிவிட்டு முழுதும் படித்தேன். பின்னால் பிள்ளைகள், பெல் அடிக்கப் போகிறது என்று கத்தினார்கள்.

டிரிப் முடித்ததும் நேராக ஹார்டுவேர் கடைக்குப் போனேன். அவர் ஒருவருக்குத் தாழ்ப்பாள் காட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்த இது?"

"அதுவா? மெட்ராஸ்லருந்து வராரு. பெரிய டீம்ல ஆடுனவரு. நீயே சொல்லு, எவ்ளோ நாளு உன்னயே தொந்தரவு பண்றது?"

"நான் தொந்தரவுன்னு சொன்னனா?"

"நீ சொல்ல மாட்டே. நல்லவன் நீ."

"ஞாயித்துக்கெழம மேட்சுக்கு யாரு?"

"நீதான் நைனா. அவுரு சும்மா வந்து பாப்பாரு. பொன்னாடை போட்டு உக்கார வெச்சுருவோம்."

நம்பினேன். எத்தனை வருஷமாகப் பழகிய ஆள்! நம்பியதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். அதே சாயங்காலம் அந்தப் புதியவருக்கு ஃபோன் போட்டு, "ஞாயித்துக்கெழம மேட்ச் உங்குளுதுதான் சார்" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் மனசும் நோகக் கூடாதாம்.

மேட்ச் செங்கல்பட்டில், மதியம் மூன்றரைக்கு. வெயில் மண்டையைப் பிளந்தது. நான் லிஸ்ட் எழுதி எடுத்துப்போனேன். அவரும் ஒரு லிஸ்ட்டோடு வந்திருந்தார். எங்கள் ஆட்களில் ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. கமிட்டியிடம் பெயர்களைக் கேட்டு எழுதியிருந்தார். ரெஃப்ரி இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு, "உங்க டீம்ல யாருங்க கோச்?" என்று கேட்டார். நானும் அவரும் ஒரே நேரத்தில் "நான்" என்றோம். எதிரணி ஆட்கள் இதை நின்று ரசித்தார்கள்.

அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது யோசித்தால், பாவம், அவரும் என்னைப்போல் ஏமாந்தவர்தான். மேடையேற்றிப் பொன்னாடை போட்டுவிட்டு உட்கார் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? "நான் சென்னையிலேர்ந்து பஸ் புடிச்சு வேடிக்கை பாக்கவா வந்தேன்?" என்று அவர் செயலாளரைக் கேட்டார். நான் அதே கேள்வியை வேறு வார்த்தைகளில் கேட்டேன். செயலாளர் வேர்த்து வழிந்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திடீரென்று அவர் முகம் தெளிந்தது. ஷெட்டுக்கு இரண்டு வர்ணம் அடிக்கச் சொன்ன அன்றும் இதே தெளிவுதான்.

"சண்டையே வேணாம். மொத பாதி நீ பாத்துக்க நைனா. ரெண்டாவது பாதி சாரு பாத்துக்குவாரு. ரெண்டு பேருக்கும் மரியாத."

சாமி தூக்குவதில் பாதி வழிக்குத் தோள் மாற்றலாம். மேட்சில் எப்படி ஐயா மாற்றுவது என்று கத்தினேன். கமிட்டி ஆட்கள் அத்தனை பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, விட்டுக்கொடுத்துப் போகச் சொன்னார்கள். ரெஃப்ரி கைக்கடிகாரத்தைக் காட்டினார். என் லிஸ்ட்டைக் கொடுத்தேன்.

முதல் பாதி நன்றாகப் போயிற்று. முப்பதாவது நிமிஷத்தில் எங்கள் ரைட் விங் ஆள் உள்ளே வெட்டிப்போய் அடித்தான், ஒன்றுக்குப் பூஜ்யம். புதுப்பட்டினத்தில் இரண்டு பேர் பனைமரமாக வளர்ந்திருந்தார்கள். ஒவ்வொரு கார்னருக்கும் அவர்களைத் தேடித்தான் பந்து வந்தது. ஒவ்வொன்றையும் எங்கள் ஸ்டாப்பர் தலையால் முட்டி வெளியே அனுப்பினான். ரெஃப்ரி விசில் ஊதினார். என் பாதி முடிந்தது.

ஸ்டாப்பர் வழக்கம்போல் வேப்ப மர நிழலில் போய், துண்டை முகத்தில் போட்டுப் படுத்தான். புதியவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். இவனைப் பார்த்ததும் நின்றார்.

"இவருக்கு என்ன ஆச்சு? சுத்தமா முடியல போலருக்கே. இவரை உக்கார வைங்க, வேற ஆள் ரெடியாகட்டும்."

ஸ்டாப்பர் துண்டை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான். "சார், நான் நல்லாத்தான் கீறேன்" என்றான். "பரவால்ல தம்பி, ரெஸ்ட் எடுங்க" என்று அவர் தோளைத் தட்டினார். நல்ல எண்ணத்தில்தான் தட்டினார். அப்போது அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

நான் அவனிடமிருந்து ஏழெட்டு அடி தூரத்தில் நின்றேன். "சார், இவன் எப்பவும் இப்படித்தான், விடுங்க" என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த மனிதர் கேட்டிருப்பார், வம்புக்காரர் இல்லை. நான் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மைதானத்தைப் பார்த்தேன். பாதியாக வெட்டினீர்கள் அல்லவா, உங்கள் பாதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்ற எண்ணம். பொய் எதற்கு, அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. அவர் தோற்க வேண்டும் என்று நினைத்தேன். தோற்றால்தான் நான் யார் என்று இவர்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அறுபதாவது நிமிஷத்தில் கார்னர். தலையால் ஒரு கோல். எழுபத்தெட்டில் இன்னொரு கார்னர், இன்னொரு தலை. ஸ்டாப்பர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் பார்த்தான். இரண்டுக்கு ஒன்று என்று முடிந்தது. எங்கள் பையன்கள் சிலர் மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதார்கள். ஒன்பது வருஷம் ஏறியதைத் தொண்ணூறு நிமிஷத்தில் இறங்கினோம்.

செயலாளர் அன்று யாரையும் குறை சொல்லவில்லை. "பாதிப் பாதி ரெண்டு பேரு மேலயும் கீது, விடு" என்றார். அப்போதும் பாதி!

அந்தப் புதியவர் மூன்றாம் நாள் ஃபோன் செய்து, கீழ்ப் பிரிவு அணிக்கு வருவதாகப் பேச்சில்லை என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் கமிட்டியே திரண்டு என் வேன் நிற்கும் இடத்துக்கு வந்தது. இனி தேடல் எல்லாம் கிடையாது, நீதான் கோச், தற்காலிகம் இல்லை என்றார்கள். கோபித்துக்கொண்டு மறுத்தேன் என்று எழுதத்தான் ஆசை. உடனே சரி என்றேன். அன்று முழுக்க வேனில் பாட்டு போட்டு ஓட்டினேன்.

திங்கட்கிழமை நாலு மணிக்குப் பிராக்டீஸ். ஸ்டாப்பர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை நானே குப்பத்துக்குப் போனேன். படகு நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, பிராக்டீசுக்கு வரல?"

"வேல கீது அண்ணாத்த."

"இனிமே நான்தான் கோச்சு. டெம்ப்ரவரி இல்ல."

"தெரியும். குரூப்ல போட்டாங்க." கையிலிருந்த ஊசி நிற்கவில்லை. "அன்னிக்கி அந்த சாரு என்ன உக்கார வெச்சப்ப நான் உன் மூஞ்சியத்தான் பாத்தேன். அவுருக்கு என்னத் தெரியாது. உனுக்குத் தெரியும்."

"அது என் பாதி இல்லடா. அவுங்கதான் அப்புடிப் பிரிச்சு உட்டாங்க. நான் இன்னா பண்ண முடியும்?"

அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"பாதி உனுக்கு அண்ணாத்த. நாங்க முழு மேட்சும்தான் ஆட வந்தோம்."

அடுத்த கிழிசலைத் தேடி வலையை இழுத்துக்கொண்டான். மைதானத்தில் மற்றவர்கள் காத்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

இந்த சீசனில் அவன் புதுப்பட்டினம் அணிக்கு ஸ்டாப்பராக ஆடுகிறான்.